கலாயோகி யாருக்கு உரியவர்?

யாழ்ப்பாணத்திற் கலைபற்றி எழும் மேடைப்பேச்சு எதுவாயினும் அதில் ஓரிடத்திற் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வந்தே தீரும். அப்பெயரை உச்சரிக்கும்போது பேச்சாளரின் குரல் சற்று உயரும். அவையிற் கைதட்டல் எழும். உலகம் போற்றிய நம்மவர் என்ற தொடருடன் பேச்சு அடுத்த விடயத்துக்குத் தாவிவிடும். அவர் என்ன சொன்னார், எதன்பொருட்டுச் சொன்னார், சொன்னதை இந்த மண்ணில் யார் செய்தார் என்னும் வினாக்கள் அந்தக் கைதட்டலுள் அமிழ்ந்துபோகின்றன. குருதியைக் காட்டி ஒருவரை உரிமை கொண்டாடுவது எளிது. அவர் கருத்தைக் கையால் உரிமையாக்கிக்கொள்வதற்கோ உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பை மேற்கொண்டவருள் ஒருவர் நியூயோர்க்கின் வறிய குடியிருப்பொன்றிற் பிறந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த யூதச் சிற்பி. குருதி உரிமை பேசும் யாழ்ப்பாணமோ அதனை இன்னும் தொடங்கவேயில்லை.

அச்சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன். 1880ஆம் ஆண்டு நியூயோர்க் மான்ஹற்றனின் கீழைப் பகுதியில், போலந்திலிருந்து வந்தேறிய யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பகலில் வெண்கல வார்ப்புப் பட்டறையில் வேலை. இரவில் உருவம் வனையும் வகுப்பு. ஒரு குளிர்காலம் முழுவதும் நியூஜேர்சியின் ஏரியொன்றில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுக்கும் தொழிலாளருடன் கழித்தார். திண்மையான பொருளோடு உடலால் மல்லுக்கட்டும் விருப்பு அங்கேதான் அவருள் வேரூன்றியது போலும். நியூயோர்க் யூதச் சேரி வாழ்க்கைபற்றி ஹட்சின்ஸ் ஹப்குட் எழுதிய நூலுக்குச் சித்திரம் வரைந்து பெற்ற பணத்துடன் 1902இற் பாரிஸ் சென்றார். 1905இல் இலண்டனிற் குடியேறினார். பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார். 1959இல் இறக்கும்வரை அந்நகரே அவருக்கு ஊராயிற்று.

அமெரிக்கச் சிற்பி ஐரோப்பாவிற் குடியேறுவது அன்று புதுமையன்று. ஹிரம் பவர்ஸ் 1837இற் புளோரன்ஸ் நகருக்குச் சென்றவர் 1873இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வில்லியம் வெற்மோர் ஸ்டோரி உரோமில் வாழ்ந்தார். இவர்களை இத்தாலிக்கு இழுத்தவை இரண்டு: ஒன்று வெண்பளிங்கு, மற்றையது மலிவாகக் கிடைத்த இத்தாலியக் கற்றச்சரின் கை. சிற்பி களிமண்ணில் மாதிரி செய்வார். அளவைக் கருவிகொண்டு அதனைப் பளிங்கில் எடுப்பவர் கூலிக்காரர். பீடத்திற் பொறிக்கப்படும் பெயரோ களிமண் பிசைந்தவருடையது. இவ்வழக்கத்திலிருந்து விலகி நின்றவர் ஆபிரிக்க, அமெரிக்கப் பழங்குடி வழிவந்த எட்மோனியா லூயிஸ் என்னும் பெண். 1866 அளவில் உரோமிற் குடியேறிய அவர், கறுப்பினப் பெண்ணின் ஆக்கத்தை வேறெவரோ செய்ததென்று உலகம் சொல்லிவிடும் என அஞ்சித் தம் பளிங்கைத் தாமே செதுக்கினார். கல்லைத் தொட்டவன் யார் என்ற வினா சிற்பத்தில் அற்ப வினாவன்று என்பதற்கு அவர் வாழ்வொன்றே போதும்.

எப்ஸ்டைனின் முதற் பெரும்பணி 1907இற் கிடைத்தது. இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியிற் பிரித்தானிய மருத்துவச் சங்கத்துக்குச் சார்ள்ஸ் ஹோல்டன் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய மாளிகையின் முகப்பில் வைப்பதற்குப் பதினெட்டு உருவங்கள். பிறப்பு முதல் முதுமை வரையான மனித உடலை ஆடையின்றி அவர் அமைத்தார். அவற்றுள் ஒன்று கருவுற்ற பெண். 1908இற் சாரம் விலகியதும் மாலைப் பத்திரிகையொன்றும் ஒழுக்கக் காவலரும் கொதித்தெழுந்தனர். கலைஞர் பலர் துணைநின்றமையால் உருவங்கள் அப்போது தப்பின. பிற்காலத்தில் அக்கட்டடத்தைத் தெற்கு ரொடீசிய அரசு வாங்கியது. கல் உதிர்ந்து வழிப்போக்கர் தலையில் விழக்கூடும் என்ற காரணங்காட்டி, 1937இல் அவ்வுருவங்களின் முகமும் கையும் உறுப்பும் வெட்டியெறியப்பட்டன. எஞ்சிய முண்டங்களை இன்றும் அச்சுவரில் எவரும் அண்ணாந்து காணலாம்.

குமாரசுவாமி இக்கதையில் நுழைவது 1910இல். அவ்வாண்டு சனவரியில் இலண்டன் அரச கலைக்கழகத்தில் ஈ. பி. ஹவல் இந்தியக் கலைபற்றி உரையாற்றினார். தலைமை வகித்த சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை என்றார். யாவகத்துப் புத்தர் திருவுருவின் படமொன்றைச் சுட்டி, ஆவியில் அவித்த கொழுப்புப் பண்டமொன்றும் அதே அமைதியைக் காட்டும் என எள்ளி நகையாடினார். இந்நகையாடலுக்கு எதிர்வினையாக ஓவியர் வில்லியம் றொதென்ஸ்ரைன் முதலான கலைஞர்கள் பத்திரிகையில் எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டனர். அதே ஆண்டு இந்தியக் கழகம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 1908இல் அச்சிட்டு வெளியிட்டிருந்த புகழ் அவருக்கு அப்போது இருந்தது.

எப்ஸ்டைனுக்கும் குமாரசுவாமிக்கும் இடையில் நின்ற பாலம் எரிக் கில் என்னும் கல்வெட்டெழுத்தர். 1910இற் கில்லும் எப்ஸ்டைனும் நெருங்கிய நண்பர். சசெக்ஸ் மாநிலத்துக் குன்றுப்புறத்தில், ஐரோப்பாவின் பழங்காலப் பெருங்கல் வட்டங்களைப் போலத் திறந்தவெளிக் கோயிலொன்றை இருவருமாகச் செதுக்குவதெனத் திட்டமிட்டனர். அத்திட்டம் கைகூடவில்லை, பின்னர் நட்பும் முறிந்தது. ஆயினும் அவ்விரண்டொரு ஆண்டுகளில் இருவர் பட்டறைகளிலும் நிகழ்ந்தது ஐரோப்பியச் சிற்ப வரலாற்றில் ஒரு திருப்பம். களிமண் மாதிரியைக் கைவிட்டு, உளியைக் கல்லில் நேரே வைத்து, கல்லின் திண்மையும் தன்மையும் வழிகாட்டச் செதுக்குவது என்ற முடிபுக்கு வந்தனர். கோயிற் சிற்பியர் பெயர் நாடாது, மரபின் அளவைகளுக்குள் நின்று, ஒரு சமூகத்தின் தேவைக்காகக் கல் செதுக்கினர் என்று குமாரசுவாமி காட்டிய இந்தியச் சான்று அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட விஸ்வகர்மா என்ற படத்தொகுதிக்கு முன்னுரை எழுதியவர் அதே கில். எப்ஸ்டைன் 1910இற் செதுக்கிய தாய்மை என்னும் உருவத்தின் பருத்த இடையிலும் மார்பிலும் இந்தியச் சிற்பத்தின் சாயலைக் கலைவரலாற்றாசிரியர் சுட்டியுள்ளனர். பின்னாளில் அவர் தம் வருவாயின் பெரும்பகுதியை ஆபிரிக்க, எகிப்திய, ஆசியப் பழஞ்சிற்பங்கள் வாங்குவதிலேயே செலவிட்டார். இறக்கும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன.

இதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. இருபது தொன் எடையுள்ள ஒரே கல்லில் அவர் செதுக்கிய ஒஸ்கார் வைல்டின் கல்லறைச் சிற்பம் 1912இற் பாரிஸ் இடுகாட்டுக்குச் சென்றதும், ஆபாசமெனக் கூறி அதிகாரிகள் அதனைத் தார்ப்பாயால் மூடினர். முதலாம் உலகப்போருக்குப் பின் காட்சிக்கு வைத்த உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்ட கத்தோலிக்கக் குரு ஒருவர், அவ்வுருவம் ஆசியன் போலவும் மெலிந்த இந்துவைப் போலவும் இருக்கிறதே என்று குமுறினார். (நாசரேத்தூரார் எக்கண்டத்திற் பிறந்தவர் என்று அவருக்கு எவரும் நினைவூட்டவில்லைப் போலும்.) 1925இல் ஹைட் பூங்காவில் அமைத்த றீமா என்னும் புடைப்புச் சிற்பத்தின்மீது அதே ஆண்டில் வண்ணம் எறியப்பட்டது, பின்னர் தாரும் இறகும் பூசப்பட்டன. 1939 அளவில் முடிந்த ஆதாம் என்னும் பெருஞ்சிற்பம் களியாட்டக்காரர் கைக்குப் போய், பிளாக்பூல் கடற்கரைக் கொட்டகையிற் காசு வாங்கிக் காட்டும் வேடிக்கைப் பொருளாயிற்று. யாக்கோபும் தேவதூதனும் என்ற சிற்பத்துக்கும் அதே கதி. இன்று பின்னது இலண்டன் ரேற் கலைக்கூடத்தில் இருக்கின்றது.

எப்ஸ்டைனைத் தூயவராக்கவேண்டியதில்லை. குடும்பம் நடத்துவதற்காகச் செல்வரின் தலையுருவங்களைக் களிமண்ணில் வனைந்து வெண்கலத்தில் வார்த்தே பணம் ஈட்டினார். நேர்ச்செதுக்கலை மதம்போற் கொண்டோர் இதனைக் குறைகூறினர். 1926இல் இரவீந்திரநாத தாகூரின் தலையை வனைந்ததும் அம்முறையிலேயே. 1954இற் சேர் பட்டத்தையும் ஏற்றார். எனினும் தார் பூசப்பட்ட நாளிலும் பட்டம் பெற்ற நாளிலும் கல்லைக் கல்லாகவே அவர் நடத்தினார்.

இனிக் குருதியுரிமையின் பக்கம் வருவோம். குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22இற் கொழும்பிற் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாண வழியினர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண்மணி. குழந்தை இரண்டு வயதை எட்டும்போதே தாயுடன் இங்கிலாந்து சென்றுவிட்டது; 1879இல் தந்தையும் மறைந்தார். 1903 முதல் மூன்றாண்டுகள் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறைக்குத் தலைமை தாங்கினார். முதலாம் உலகப்போரிற் பிரித்தானியாவுக்காகப் போரிட மறுத்தவர், 1917இற் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்துக்குச் சென்று முப்பதாண்டு அங்கே பணியாற்றி, எழுபது வயது நிரம்பிய சில நாள்களில், 1947 செப்ரெம்பர் 9ஆந் திகதி இறந்தார். அதாவது, நியூயோர்க்கிற் பிறந்தவர் இலண்டனிற் சிற்பியானார். கொழும்பிற் பிறந்தவர் மசச்சூசெற்ஸில் அறிஞராய் முடிந்தார். இருவரும் இடம் மாறிய மனிதர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தை அளவாகக் கொண்டால் கலாயோகிமீது இவ்வூருக்கு உரிமை மிகக் குறைவே. எஞ்சுவது அவர் கருத்தின்மீதான உரிமை ஒன்றுதான்.

அக்கருத்தை இவ்வூர் என்ன செய்தது? குடாநாட்டிற் கோயில்தோறும் திருப்பணி நடைபெறுகின்றது. 2009இற் போர் முடிந்தபின் வெளிநாட்டுப் பணம் வந்து கோபுரங்கள் உயர்ந்தன. பெரும்பாலானவை சீமெந்தாற் செய்த சுதையுருவங்கள். மேலே பளபளக்கும் எனாமல் வண்ணம். மழை இரண்டு கண்டதும் வெளுக்கும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மீண்டும் பூசப்படும். பழைய மர வாகனங்களின் நுண்ணிய செதுக்கல், பூச்சின்மேற் பூச்சு ஏறி முகந்தெரியாது மூடுண்டு கிடக்கின்றது. தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் சந்திகளில் எழுப்பிய சிலைகளோ அச்சில் வார்த்த சீமெந்து. பொன்வண்ணமோ வெள்ளிவண்ணமோ பூசி, ஆண்டுக்கொரு மாலை சாத்துவதோடு கடமை முடிகின்றது. எவர் செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. பெயர் நாடாத கலைஞன் என்று குமாரசுவாமி போற்றியது இதனை என்று எண்ணுவோரும் உளர்! அவர் போற்றிய கைவினைஞன் பெயரை விரும்பாதிருந்தான். இங்குள்ளவனின் பெயரை மற்றையோர் விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையிற் கடலளவு தூரம்.

தேர்த்தச்சனும் சிற்பாசாரியும் யாழ்ப்பாணத்தில் இல்லாதவரல்லர். இணுவில் கந்தசுவாமி கோயிலின் மஞ்சத்தை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தவர் மரச்செதுக்கல் இம்மண்ணில் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை அறிவர். ஆயின் பெருந்திருப்பணி என்றதும் நிருவாகசபை தமிழகத்துக்கே ஆளனுப்புகின்றது. தமிழகத்துச் சிற்பியர் சிறந்தவர். அவர்களை அழைப்பதிற் பிழையில்லை. அவர்கள் வந்து பணிசெய்து திரும்பும் மாதங்களில் உள்ளூர் இளைஞர் நால்வரேனும் அவர்கள் அருகில் உளி பிடித்து நிற்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதத் தோன்றாமையே பிழை. உள்ளூர்த் தச்சனின் மகன் அத்தொழிலை விட்டு ஓடுகின்றான் என்று குறைப்படுவோர், தம் மகளுக்கு அவனை மணம்பேசுவார்களா? சாதிப்பெயர் சொல்லி அவனை எட்டநிறுத்திவிட்டு, அவன் கைத்திறன் அழிகின்றதே என்று மேடையிற் கண்கலங்குவது இரட்டை வேடம். பள்ளிக்கூடத்திற் சித்திரம் என ஒரு பாடம் உண்டு. எஸ். ஆர். கனகசபை, அ. மாற்கு போன்றோர் ஓவியத்துக்கு ஆசிரியராய் வாய்த்தமையால் அத்துறையில் ஒரு தலைமுறை உருவாயிற்று. உளிக்கு அத்தகைய ஆசிரியர் வரிசை அமையவில்லை.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் மறுமொழிகள் சில உண்டு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிக் கோயில்களை இடித்தனர், மரபு அறுந்தது என்பது ஒன்று. உண்மை, ஆனால் நான்கு நூற்றாண்டுக்கு முந்திய இடிப்பு இன்றைய எனாமல் வாளியைக் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. போர் எல்லாவற்றையும் அழித்தது, கலைஞர் புலம்பெயர்ந்தனர் என்பது மற்றொன்று. இதுவும் உண்மையே, 1983இன் பின் பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களுள் ஆற்றல் மிக்கோர் பலர். போனவர் இழப்பு என்று புலம்புவதும், போனவர் புகழ்பெற்றதும் நம்மவர் என்று துள்ளுவதும் ஒரே வாயிலிருந்து வருவதுதான் விந்தை. எப்ஸ்டைனை நியூயோர்க் இழந்தது. ஆனால் அவரைத் தொடக்கத்திற் பயிற்றிய இரவு வகுப்பு நியூயோர்க்கில் இருந்தது. இங்கிருந்து போகும் இளைஞனுக்குக் கொண்டுபோவதற்கு எதை இவ்வூர் கற்பித்து அனுப்புகின்றது?

மூன்றாவது மறுமொழி கல்லைப் பற்றியது. யாழ்ப்பாணத்திற் கருங்கல் இல்லை, உள்ளது சுண்ணக்கல், ஆகவே சிற்பம் வளர வழியில்லை என்பர். கேட்பதற்கு அறிவியல் போலத் தோன்றும் இவ்வாதம் ஆராயத்தக்கது. ஸ்ட்ராண்ட் வீதிப் பதினெட்டு உருவங்களும் போட்லண்ட் கல்லில் ஆனவை, அது சுண்ணக்கல். றீமாவும் போட்லண்ட் கல்லே. ஒஸ்கார் வைல்டின் கல்லறைக்குப் பயன்பட்ட டார்பிசயர்க் கல்லும் சுண்ணக்கல்லே. குடாநாட்டுச் சுண்ணக்கல் துளைகள் மலிந்தது, அவற்றைப்போல நுண்ணிய வேலைக்கு எளிதில் இணங்காது என்பது ஒப்புக்கொள்ளவேண்டியதே. அப்படியாயின் அது நுண்மையைக் கேளாத வேறொரு வடிவத்தைக் கேட்கின்றது. கந்தரோடையிற் கிடக்கும் சிறு தூபிகளை அமைத்தோர் இதே கல்லைத்தான் எடுத்தனர். உருண்டு திரண்ட எளிய வடிவமே அக்கல்லுக்குப் பொருந்தும் என்பதை எந்த நூலும் படியாமலே கண்டனர். கல்லின் இயல்பை மீறாதே என்ற இலண்டன் பட்டறையின் கொள்கைக்குக் கந்தரோடை பழஞ்சான்று. அங்கே புராதனம் யாருடையது என்று வழக்காடுவோர் தொகை பெரிது. அக்கல் எப்படி அறுக்கப்பட்டது என்று குனிந்து பார்த்தவர் தொகை சிறிது.

சிங்களக் கலைக்குப் பெருநூல் எழுதியவர் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் எழுதவில்லையே என்ற மனத்தாங்கலும் உண்டு. கண்டிக் கிராமங்களிற் பாறை தேடித் திரிந்தபோது, தச்சனும் கொல்லனும் நெசவாளனும் தம் தொழிலை விட்டு விலகுவதை அவர் கண்டார், கண்டதை எழுதினார். அந்நூலின் உயிர் கைவினைஞரோடு அமர்ந்து கேட்டதில் இருக்கின்றது. வடமராட்சித் தச்சரையும் தென்மராட்சிக் கொல்லரையும் அவ்வாறு அமர்ந்து கேட்டு எழுதுவதற்கு நூறாண்டுக்கு மேலாக எவர் கையையும் எவரும் பிடித்துவைக்கவில்லை.

சிற்பத்தின் வலிமை இவ்வூருக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2021 சனவரி 8ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாநோன்பிருந்தனர்; ஊர்கள் கடையடைத்தன; அதே ஆண்டு ஏப்ரலில் அது மீள எழுந்தது. இலண்டனில் 1937இல் உளிகொண்டு முகங்களை வெட்டியவர்களும் கல்லுக்கு அஞ்சியே அதனைச் செய்தனர். உடைபடும்போது சிற்பம் தெரிகின்றது. செய்யப்படும்போது ஏன் தெரியவில்லை? மீளக் கட்டுவதற்குத் திரண்ட ஆயிரங்களுள், அதனை வடித்த கைகளைப் பற்றிக் கேட்டவர் எத்தனைபேர்?

இப்பல்கலைக்கழகம் 1974இல் ஆரம்பித்த நிலம் பரமேஸ்வராக் கல்லூரியின் நிலம். அக்கல்லூரியை 1921இல் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி மகன், கலாயோகிக்கு மைத்துனர். குருதியுரிமை பேசுவோருக்கு இதனிலும் நெருங்கிய இடம் கிடைக்காது. இங்கே ஒரு கற்பட்டறையும் மரப்பட்டறையும் அமைத்து, வாகனமும் தேரும் செய்துவரும் ஆசாரியார் ஒருவரை ஆசிரியருக்குரிய ஊதியத்துடனும் இருக்கையுடனும் அமர்த்துவதற்குத் தடையாகச் சொல்லப்படுவது, அவரிடம் பட்டச் சான்றிதழ் இல்லை என்பது. குமாரசுவாமி இலண்டனிற் பெற்ற கலாநிதிப் பட்டத்துக்கு அடிப்படையாயிருந்தது புவிச்சரிதவியல். இந்தியச் சிற்பங்களைப் பொறுப்பேற்க அவரை 1917இல் அழைத்த பொஸ்ரன் அரும்பொருளகம், அவர் கலையில் எப்பட்டம் பெற்றார் என்று பார்க்கவில்லை.